செடிகளின் சுற்றமும் பூங்காவின் பாத்தியும்

ஹெவ்லொக் டவுனில் மதில் சூழ்ந்த பழைய வீடொன்றின் வளவை எண்ணிப் பார்க்கலாம். படலையருகே செம்பரத்தை, மதிலோரத்திற் பூவரசு, குசினிப் பக்கத்திற் கறிவேப்பிலையும் தேசியும், பின்புறத்தில் நாலடி அகலத்தில் ஒரு வெண்டிப் பாத்தி. வீட்டாரைக் கேட்டால், செம்பரத்தை பூசைக்கு, பூவரசு நிழலுக்கு, வெண்டி கறிக்கு என்பர். பயனைக் கொண்டு வகுக்கும் வகுப்பு அது. அதனைப் பிழையென்று சொல்வதற்கில்லை. ஆயினும் அவ்வீட்டுச் சிறுவன் இம்மூன்றின் பூக்களையும் பறித்து ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பானாயின், பெரியோர் காணாத ஒன்றை அவன் காண்பான். மூன்றுக்கும் ஐந்து இதழ்கள். மூன்றிலும் மகரந்தம் தாங்கும் இழைகள் ஒன்றுகூடிக் குழாயாகி நடுவில் நிற்கின்றன. அக்குழாயினுள்ளிருந்து சூல்தண்டு தலை நீட்டுகின்றது. பூவரசும் வெண்டியும் மஞ்சள் இதழும் அடியிற் கருஞ்சிவப்பு மறுவும் கொண்டிருப்பதால், அவற்றை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றே சொல்லத் தோன்றும். தலையணைக்குள் இருக்கும் பருத்தியும் இச்சுற்றத்தைச் சேர்ந்ததே.

அடுப்படியிலும் இவ்விதமே. கறிவேப்பிலையும் தேசியும் அடுத்தடுத்து நிற்பது வீட்டாரின் வசதிக்காக. ஆனால் அவை உண்மையிலும் ஒரே குடும்பத்தின. விளாவும் வில்வமும் அவற்றின் உறவினர். இலையைக் கசக்கி வெளிச்சத்துக்கெதிரே பிடித்தால், எண்ணெய்ச் சுரப்பிகள் ஊசிமுனையாற் குத்திய புள்ளிகள்போலத் தோன்றும். இதற்கு மாறாக, மிளகும் மிளகாயும் பெயரால் மாத்திரமே உறவு. மிளகின் சுற்றம் வெற்றிலை. மிளகாயின் சுற்றம் கத்தரியும் தக்காளியும் புகையிலையும்.

இத்தகைய உறவுகளை நூலில் எழுதாமல் தரையில் எழுதிக் காட்டுவதற்கென்றே தாவரவியற் பூங்காக்களில் ஒரு பகுதி ஒதுக்கப்படுவதுண்டு. பாத்தி ஒவ்வொன்றும் ஒரு குடும்பம். பாத்திகளின் வரிசை குடும்பங்களின் உறவுமுறை. சொல்வதற்கு எளிது. அமைப்பதோ மிகக் கடினம். அக்கடினத்தின் வரலாற்றிற் கொழும்புக்கும் ஒரு பங்கு உண்டு.

1670களிற் போல் ஹேர்மன் என்னும் மருத்துவர் ஒல்லாந்தக் கும்பனியின் ஊழியராகக் கொழும்பில் வாழ்ந்தார். அவர் சுற்றுப்புறத்துச் செடிகளைச் சேர்த்து, உலர்த்தி, தாளில் ஒட்டி வைத்தார். அத்தொகுதி ஏறக்குறைய எழுபது ஆண்டுகளின் பின் சுவீடன் தேசத்து லின்னேயஸ் கைக்கு எட்டியது. அவர் அதனை ஆராய்ந்து இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1747இல் ஒரு நூல் வெளியிட்டார். இன்று உலகமெங்கும் வழங்கும் இரட்டைச் சொற் பெயர்முறையை அவர் தாவரங்கள் அனைத்துக்கும் நிலைநாட்டியது அதன் பின், 1753இல் ஆகும். கொழும்பு வேலியோரச் செடிகள் பலவற்றின் பெயருக்கு ஆதாரமாக நிற்பவை ஹேர்மன் உலர்த்திய அவ்விலைகளே. இன்று அவை இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கின்றன.

லின்னேயஸ் வகுத்த முறை எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டது. பூவிலுள்ள மகரந்தக் கேசரங்களை எண்ண வேண்டும். ஒன்றாயின் முதல் வகுப்பு, இரண்டாயின் இரண்டாம் வகுப்பு. இவ்விதமாக வகுப்புக்கள் இருபத்துநான்கு. எண்ணத் தெரிந்த எவனும் ஒரு செடியை அதற்குரிய இடத்திற் சேர்க்கலாம். கற்பிப்போனுக்கு இதனிலும் வசதியான முறை கிடைப்பது அரிது. ஆனால் அம்முறைப்படி ஒரு தோட்டம் போட்டால் விளைவது என்ன? இரண்டு கேசரங்கள் கொண்ட மல்லிகையும், அவ்வாறே எண்ணப்பட்ட மிளகும் ஒரே வகுப்பிற் சேரும். ஆறு கேசரங்கள் கொண்ட நெல், மூன்று கேசரங்கள் கொண்ட கோதுமையை விட்டுப் பிரிந்து அன்னாசியோடு போய்ச் சேரும். நெல்லுக்கும் கோதுமைக்கும் உள்ள உறவை வயலில் நிற்கும் எவனும் அறிவான். எண்ணிக்கை அதனை அறியவில்லை. லின்னேயஸ் இக்குறையை அறியாதவரல்லர். இயற்கையான ஒழுங்கு ஒன்று உண்டு, அது பின்னர் கண்டறியப்படும் என்று அவரே கருதினார்.

அவ்வொழுங்கைத் தேடியவர்களுள் ஒருவர் முதலில் நூல் எழுதவில்லை, பாத்தி போட்டார். 1759இல், பிரெஞ்சு அரசனின் திரியானன் தோட்டத்தில், பேர்னாட் ஜுஸ்யூ செடிகளை அவற்றின் முழு உருவ ஒற்றுமையைக் கொண்டு குடும்பம் குடும்பமாக நிறுத்தினார். அவருடைய சகோதரரின் மகன் அந்துவான் லோரான் ஜுஸ்யூ அம்முறையைச் செப்பஞ்செய்து 1789இல் நூலாக்கினார். கருத்து முதலில் மண்ணில் எழுதப்பட்டு, முப்பது ஆண்டுகளின் பின்னரே தாளில் ஏறியது. தோட்டம் என்பது நூலறிவின் அலங்காரம் மாத்திரம் அன்று என்பதற்கு இதனை நல்ல சான்றாகக் கொள்ளலாம்.

இனி, இலங்கைப் பூங்காவின் கதைக்கு வரலாம். 1810இல் ஆங்கிலேயர் கொம்பனித்தெருவில் ஒரு தோட்டத்தை ஆரம்பித்து, இலண்டனுக்கு அண்மையிலுள்ள புகழ்பெற்ற தோட்டத்தின் பெயரையே அதற்கும் இட்டு, 'கியூ' என்று அழைத்தனர். தோட்டம் மறைந்துவிட்டது, கியூ வீதி இருக்கின்றது. நாள்தோறும் அவ்வழியே செல்பவருள் எத்தனை பேர் அப்பெயரின் காரணத்தை நினைப்பர்? 1813இல் தோட்டம் களுத்துறைக்கும், 1821இற் பேராதனைக்கும் மாற்றப்பட்டது. பேராதனையில் மூன்று புறமும் மகாவலி சூழ, இன்று 147 ஏக்கர் பரப்பில் அது விரிந்து கிடக்கின்றது.

பேராதனைத் தோட்டத்தை ஆரம்பித்த அலெக்ஸாண்டர் மூன் 1824இல் இலங்கைத் தாவரங்களின் பட்டியல் ஒன்றைக் கொழும்பில் அச்சிட்டார். லின்னேயஸ் முறையின் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் அவர் அதனுடன் சேர்த்திருப்பது குறிப்பிடத்தக்கது. சிங்கள மக்கள் செடிகளை எவ்வாறு வகுத்தனர் என்பதற்கும் அதில் இடமுண்டு. தமிழிலும் அப்படியொரு பகுதி இருந்திருப்பின் இன்று எவ்வளவு பயன்பட்டிருக்கும்! எழுபது ஆண்டுகளின் பின், 1893இல், ஹென்றி ட்ரைமன் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய தமது பெருநூலின் முதற் பாகத்தை வெளியிட்டபோது, எண்ணிக்கை வகுப்பு மறைந்து குடும்ப வரிசை வந்துவிட்டது. மூன்று பாகங்களை முடித்தபின், 1896இல், அவர் காலமானார்; எஞ்சியவற்றை எண்பது வயதைத் தாண்டிய யோசப் ஹூக்கர் 1900இல் முடித்துவைத்தார்.

பேராதனையில் 'மாணவர் தோட்டம்' என்று ஒரு பகுதி உண்டு. செடிகள் அங்கே குடும்பவாரியாக நிறுத்தப்பட்டுள்ளன. ஒர்க்கிட் மண்டபத்தையும் ஆற்றங்கரை மூங்கிற் புதரையும் பார்த்துப் படம் பிடித்துச் செல்லும் கூட்டம் அங்கே பெரும்பாலும் நிற்பதில்லை. அப்பெரு மூங்கிலும் ஒரு புல்லே, நெல்லின் உறவே என்பதை அறிய விரும்புவோர் மட்டுமே அப்பகுதியின் அருமையை உணர்வர்.

உறவுமுறைத் தோட்டம் ஏன் ஒரு பூங்காவின் மூலையில் அடங்கிக் கிடக்கின்றது? முழுப் பூங்காவையும் அவ்வாறே அமைத்துவிட்டால் என்ன? இக்கேள்வியை ஒருவர் கேட்டதோடு நில்லாமற் செய்தும் பார்த்தார். அது நடந்தது கல்கத்தாவில்.

ஹூக்ளி ஆற்றங்கரையில் 1787இல் நிறுவப்பட்ட கல்கத்தாப் பூங்கா, றொக்ஸ்பரோவின் கையாலும் அவருக்குப் பின் நதானியேல் வாலிச்சின் கையாலும் வளர்ந்தது. 1842இல் வாலிச் நோயுற்று நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார். அவருடைய இடத்திற் பதில் அதிபராக அமர்ந்தவர் வில்லியம் கிறிபித், முப்பத்திரண்டு வயதினர், அக்காலத்து இந்தியாவிற் செடிகளை நுணுகி ஆராய்வதில் அவருக்கு நிகரானவர் அரியர். அசாமில் தேயிலையை ஆராயச் சென்ற குழுவில் வாலிச்சும் அவரும் ஒன்றாகப் பயணம் செய்தவர்கள். ஆயினும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. பூங்கா என்பது மாணவருக்குப் பாடநூலாக இருத்தல் வேண்டும், குடும்ப ஒழுங்கின்றி அழகுக்காக மரங்களை நிறுத்துவது அறிவுக்குப் பொருந்தாது என்பது கிறிபித்தின் கொள்கை. கொள்கையிற் குற்றம் இல்லை. அவர் கோடரியை எடுத்தார்.

1844இல் வாலிச் திரும்பி வந்தபோது தமது தோட்டத்தை அவரால் அடையாளங்காண முடியவில்லை. 1848 சனவரியில் ஹூக்கர் அங்கு வந்தார். ட்ரைமனின் நூலைப் பின்னாளில் முடித்துவைத்த அதே ஹூக்கரே, அப்பொழுது முப்பது வயது இளைஞர். வந்தோரெல்லாம் வியந்த சைகஸ் மரச் சாலை அழிந்துவிட்டதையும், தேக்கு, மகோகனி, கராம்பு, சாதிக்காய், கறுவா ஆகிய சோலைகள் அதே கையால் வீழ்த்தப்பட்டதையும் அவர் தமது இமயப் பயண நூலிற் பதிவு செய்துள்ளார். மரநிழலிற் பழகிய செடிகள் வங்கத்து வெயிலுக்கு வெட்டவெளியாயின. குடும்ப ஒழுங்கில் நடப்பட்டவை வளர்வதற்குமுன் நிழல் போய்விட்டது. கிறிபித் தமது ஒழுங்கின் பலனைக் காணவில்லை. 1845இல் மலாக்காவில், முப்பத்துநான்காம் வயதில், நோயால் இறந்தார்.

இச்சம்பவத்தைக் கிறிபித்தின் அவசரம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அவசரத்துக்கு அப்பால் ஒரு காரணம் இருக்கின்றது. உறவினரெல்லாரும் ஒரே வீட்டில் வாழ விரும்புவார்கள் என்று எண்ணுவது மனிதரிடத்தும் பொய், செடிகளிடத்தும் பொய். இரத்த உறவு ஒன்று. வாழும் இடத்தின் தேவை வேறொன்று. ஒரே குடும்பத்தில் ஒன்று சேற்றிலும் ஒன்று மணலிலும் நிற்கும். ஒன்று வெயில் கேட்கும், ஒன்று நிழல் கேட்கும். காட்டில் அவை தத்தம் இடத்தைத் தேடிக்கொள்கின்றன. பாத்தியிற் காட்டுபவனோ எல்லாவற்றையும் ஓரிடத்துக்கு இழுத்து வருகின்றான். ஆகவே அவன் முதலில் நீரையும் நிழலையும் நிலையான மரங்களையும் வரைந்துகொண்டு, அதன் பின்னரே குடும்பங்களை அவற்றினிடையே பொருத்துதல் வேண்டும். கிறிபித் இதனை மறுதலையாகச் செய்தார்.

பருமன் அடுத்த தொல்லை. துளசியும் தேக்கும் இன்று ஒரே குடும்பமாகக் கொள்ளப்படுகின்றன. கேட்போர் நகைப்பர். இளந்தேக்கின் கிளையை விரலால் உருட்டிப் பார்த்தால் அது உருளையன்று, நாற்பட்டையானது என்பது தெரியவரும். துளசித் தண்டும் நாற்பட்டையே. இரண்டிலும் இலைகள் எதிரெதிரே இரட்டையாக நிற்கும். உறவு உண்மைதான். ஆனால் ஒரே பாத்தியில் நட்டால், சில ஆண்டுகளில் தேக்கின் அகன்ற இலைகளின்கீழ்த் துளசி வெயிலின்றி மெலிந்து போகும். தோட்டக்காரன் இதற்கு இரண்டு உபாயங்களைக் கையாளலாம். தேக்கை அடியோடு தறித்துவிட்டால் அடிக்கட்டையிலிருந்து புதுத் தளிர் வரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவ்வாறு தறித்து அதனை ஒரு புதராகவே வைத்திருக்கலாம். பூவைக் காட்ட முடியாது; உலர்ந்த பூங்கொத்தை வகுப்பறையில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இரண்டாவது உபாயம் இன்னும் நல்லது: இடையில் நொச்சியை நடுதல். அதுவும் இதே குடும்பம். துளசிபோல மணமுண்டு, தேக்குப்போல வைரமுண்டு, உயரம் இரண்டுக்கும் நடுவில். துளசி, கற்பூரவள்ளி, நொச்சி, தேக்கு என்று வரிசையாகக் கண் செல்லும்போது நகைப்பு அடங்கிவிடும்.

மூன்றாவதாக ஒன்று, தோட்டக்கலை நூல்கள் இதனை மெதுவாகச் சொல்லும். கத்தரி போட்ட நிலத்தில் மறு போகம் தக்காளி போடாதே என்று கமக்காரன் சொல்வான். ஒரே குடும்பத்துக்கு ஒரே நோய், ஒரே பூச்சி. உறவுமுறைத் தோட்டமோ கத்தரி, தக்காளி, மிளகாய், புகையிலை யாவற்றையும் ஒரே பாத்தியிற் கூட்டி, ஆண்டுக்கு ஆண்டு அதே இடத்தில் வைக்கின்றது. வாடல் நோய்க்கு விருந்து வைப்பதற்கு ஒப்பானது அது. அப்பாத்தியின் மண்ணை மாற்றியும், செடிகளைச் சாடியில் வளர்த்துக் கொணர்ந்து வைத்தும் சமாளிப்பதன்றி வேறு வழியில்லை.

பாத்திகளை எந்த வடிவில் வரிசைப்படுத்துவது என்பதும் எளிதில் தீர்வதன்று. நேர்வரிசை நூலின் பக்கத்தைப் போன்றது. முதலாவது, இரண்டாவது என்று எண்ணலாம், ஆனால் உறவு அவ்வாறு நேர்கோட்டிற் செல்வதில்லை. கேம்பிறிட்ஜ் பூங்காவில் 1845 அளவில் அன்ட்றூ மறே என்பவர் இதற்கு அழகான ஒரு தீர்வு கண்டார். நெல், தென்னை, வாழை, இஞ்சி போன்று ஒரு வித்திலை கொண்டவற்றுக்கு நடுவில் ஒரு நீள்வட்டம். அதனைச் சுற்றி, அவரை, மா, பூசணி போன்று இரு வித்திலை கொண்டவை. நடந்து செல்பவன் வேலியைத் தாண்டும்போதே பெரும் பிரிவொன்றைத் தாண்டுகின்றான். பலகையை வாசிக்க வேண்டியதில்லை. பிற்காலத்திற் பலர் இக்குடும்பங்களைக் கிளைவிடும் மரத்தின் வடிவில் வகுத்து, பாதையே கிளையாகப் பிரியும்படி தோட்டம் அமைத்தனர்.

ஆனால் பாதையைக் கல்லாற் கட்டிவிட்டபின் உறவுமுறை மாறினால் என்ன செய்வது? மாறித்தான்விட்டது. பூவையும் காயையும் கண்ணாற் பார்த்து வகுத்த காலம் போய், உயிரணுவிலுள்ள மரபுப் பொருளை ஒப்பிட்டு வகுக்கும் காலம் வந்தது. தாவரவியலார் பலர் கூடி 1998இல் பூக்கும் தாவரங்களுக்குப் புதிய வகுப்பொன்றை வெளியிட்டனர்; அது பின்னர் மும்முறை திருத்தப்பட்டது. தேக்கு தன் பழைய குடும்பத்தை விட்டுத் துளசியிடம் வந்தது அக்காலத்து ஆராய்ச்சிகளினாலேயாம். எருக்கு அலரியின் குடும்பத்தோடு இணைந்தது. இலவும் கொக்கோவும் துரியானும் செம்பரத்தையின் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தன. ஹெவ்லொக் டவுன் வளவின் வெண்டிக்கு இவ்வளவு பெரிய சுற்றம் உண்டென்று ட்ரைமன் காலத்தில் எவரும் எழுதவில்லை. இலண்டன் கியூ பூங்காவும் தன் பழைய குடும்பப் பாத்திகளை அகற்றி, புதிய உறவுமுறையைக் காட்டும் தோட்டமொன்றை 2019இல் திறந்தது.

இம்மாற்றங்களுள் மிக வியப்பானது தாமரையின் கதை. தாமரையும் அல்லியும் ஒரே குளத்தில் மிதப்பதால், அவற்றை ஒரே குலமாக எண்ணாதவர் இல்லை; தாவரவியலாரும் நெடுங்காலம் அவற்றை அருகருகே வைத்தனர். மரபுப் பொருளோ வேறு சொல்கின்றது. அல்லிக்குத் தாமரை தூரத்தது. தாமரைக்கு இன்று உயிரோடிருக்கும் அணிய உறவுகளுள் ஒன்று, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக நிற்கும் கிரெவிலியா மரம் சேர்ந்த குடும்பம். நீரும் வாழ்க்கைமுறையும் இரு வேறு குலத்தவரை ஒரே கோலத்துக்குக் கொணர்ந்துவிட்டன.

இத்தகைய தோட்டமொன்றை அமைப்பதற்கு 147 ஏக்கர் வேண்டியதில்லை. கொழும்பிலே, விளையாட்டிடமும் கட்டடமும் போக எஞ்சிய சிறு துண்டு நிலமுள்ள பாடசாலையிலும் பத்துக் குடும்பங்களைக் காட்டலாம். பாத்தி நாலடிக்கு மேல் அகலக்கூடாது. பத்து வயதுப் பிள்ளை பாதையில் நின்றபடி நடுச் செடியைத் தொட்டு, கசக்கி, முகர வேண்டும். தொட முடியாத தோட்டம் படத்துக்கு மேலானதன்று. ஏற்கெனவே நிற்கும் மரம் எதனையும் வெட்டக்கூடாது. வளவில் மாமரம் நிற்குமாயின், மரமுந்திரிகையும் அம்பரெல்லாவும் அதன் பக்கத்துக்கு வரட்டும், மரம் அவற்றைத் தேடிப் போகவேண்டியதில்லை. பூசணி, பாகல், புடோல், பீர்க்கு ஆகியவற்றுக்குப் பந்தல் ஒன்று வேண்டும். அவற்றின் ஆண்பூவும் பெண்பூவும் வேறுவேறாக இருப்பதைப் பிள்ளைகள் ஒரு காலையிலேயே கண்டுகொள்வர். கறுவாக்காட்டுக்கு அயலிலுள்ள ஊரில் ஒரு கறுவாச் செடியும், அதனோடு ஒரு ஆனைக்கொய்யாக் கன்றும் இல்லாதிருப்பது முறையன்று. அவையிரண்டும் ஒரே குடும்பம்.

பெயர்ப்பலகையில் உலோபம் காட்டலாகாது. மரப்பலகை கறையானுக்கும், காகிதம் மழைக்கும் இரையாகும். தகரத்தில் நெய்வர்ணத்தால் எழுதுவது சில ஆண்டுகளுக்கு நிற்கும். செடியின் தமிழ்ப் பெயரும் சிங்களப் பெயரும் விஞ்ஞானப் பெயரும் ஒரு பலகையில் இருக்கட்டும். குடும்பத்தின் பெயரைத் தனித் தகட்டில் எழுதி, திருகாணியாற் பூட்டுதல் நன்று. தேக்கின் பலகையில் அவ்வாறு செய்திருந்தால், புதிய வகுப்பு வந்த நாளில் ஒரு தகட்டைக் கழற்றி வேறொரு தகட்டைப் பூட்டியிருந்தாற் போதும்; மரம் நின்ற இடத்திலேயே நின்றிருக்கும்.

தாமரைக்குச் சீமெந்துத் தொட்டியொன்று போதும். ஆனால் கொழும்பிலே தேங்கிய நீர் என்றால் டெங்கு நுளம்பு என்று பொருள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கவிழ்த்துவிட்டுப் போவதற்குமுன், குடம்பிகளைத் தின்னும் கப்பி மீன்கள் சிலவற்றை அதில் விடவேண்டும். அல்லித் தொட்டியை அதனருகே வைக்காமல் மறு கோடியில் வைக்கவேண்டும். தாமரைத் தொட்டியின் பக்கத்திற் சாடியொன்றில் ஒரு கிரெவிலியாக் கன்று. இரண்டும் ஏன் சேர்ந்திருக்கின்றன என்று பிள்ளைகள் கேட்பர். அதற்காகவே அவை அங்கே வைக்கப்படுகின்றன.